அவராச்சன் சாரின் ரப்பர்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குப் பெண்ணம்மாவின் கம்ப்யூட்டர் மறுபடியும் நீலமாகிப் போனது. திரை முழுக்க நீலம், அதில் யாருக்கும் புரியாத வெள்ளை எழுத்தில் நாலு வரி. "குரியன், மனைவி அக்கம்மா, மக்கள்" என்று அவள் அடித்துக்கொண்டிருந்தது எங்கே போனது என்று அந்த நாலு வரியில் ஒரு தகவலும் இல்லை. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "மாதாவே, இன்னிக்குமா?" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், பின்வராந்தாவில், ரப்பர் ஷீட்டை ரோலரில் விட்டுச் சுற்றிக்கொண்டிருந்த கணவர் சாக்கோச்சன் கையை நிறுத்தினார்.

"என்னடி, போச்சா?"

"போச்சு."

"அப்ப சாயா போடு."

அந்த வீட்டில் கம்ப்யூட்டர் செத்தால் சாயா என்று ஆகிவிட்டது. இரண்டு மாதமாக இதே கதை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில வாரம் தொடர்ந்து நாலு நாள் ஒன்றுமே இல்லாமல் சாதுவாக இருந்துவிட்டு, சரியாக அவள் ஒரு பெரிய கிளையை அடிக்க உட்காரும்போது நீலம். வரிக்கு வரி சேமித்துக்கொண்டுதான் இருந்தாள். இருந்தும் இரண்டு தடவை சேமிக்கிற அந்த நொடியிலேயே செத்து, ஒரு கிளை முழுவதையும் வாயில் போட்டுக்கொண்டு போயிற்று.

கேரளத்தில் பாலா டவுனுக்குப் பக்கத்தில் 'ஈட்டிமூட்டில்' குடும்பம் என்றால் தெரியாதவர் கிடையாது. டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை குடும்பச் சங்கமான குடும்பயோகம் கூடும். பாதிரியார்கள் எட்டுப் பேர், வக்கீல்கள் பன்னிரண்டு பேர் என்று மேடையில் எண்ணிச் சொல்வார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் போட்ட குடும்ப சரித்திரப் புத்தகத்துக்கு இந்த வருஷம் இரண்டாம் பதிப்பு. யோகத்தின் செயலாளர் சாக்கோச்சனின் அண்ணன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் அவராச்சன் சார். பன்னிரண்டு வருஷம் பங்குக் கோயிலின் மாதப் பத்திரிகையை இதே கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தவள் பெண்ணம்மா. வேலை அவள் தலையில் விழுந்தது. விழுந்தது என்று மற்றவர்கள்தான் சொன்னார்கள், அவள் அதைத் தானே போய்க் கேட்டு வாங்கினாள்.

காரணம் இருந்தது. பழைய பதிப்பைத் திறந்தால் இப்படி இருக்கும்: "வர்க்கி. மக்கள்: தொம்மன், இட்டி, சாண்டி. பெண்கள் மூவர்." அடுத்த பக்கம்: "தொம்மன். மக்கள்: ஈசோ, உலகன்னான். பெண்கள் ஐவர்." கட்டிக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது, பெயர் எதற்கு? மனைவிமாரும் அப்படித்தான், "மனைவி பூவத்துங்கல் வீட்டினர்" என்று வீட்டுப் பெயரோடு நின்றுவிடும். பெண்ணம்மாவின் பக்கத்தில் ஒரே வரி: "சாக்கோ. ஆண் சந்ததி இல்லை." அதற்குப் பிறகு பாதிப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. மகள்களில் ரின்சி அயர்லாந்தில் நர்ஸ், ரின்டு குவைத்தில் நர்ஸ். இரண்டு பேரும் ஞாயிறுதோறும் போன் பண்ணி அப்பாவிடம் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டு அதட்டுகிறவர்கள். சந்ததி இல்லையாம்.

எட்டு மாதம் பெண்ணம்மா அலைந்தாள். நாலு கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினாள், கல்லறைக் கல்லில் பாசியைச் சுரண்டினாள், காது கேட்காத கிழவிகளிடம் போனில் கத்தினாள். நானூற்று முப்பத்தொரு பெயர் சேர்ந்தது. ஏலி, மறியம், சோசா, ஆச்சியம்மா, கொச்சுத்ரேசியா. ஊரெல்லாம் 'கிணற்றடி அம்மச்சி' என்று சொல்லி அடக்கம் செய்த ஒருத்திக்கு ரோசா என்று பெயர் இருந்தது என்று கண்டுபிடித்த அன்றைக்கு, பெண்ணம்மா பதிவேட்டின் மேலேயே கண்ணீர் விட்டுவிட்டாள். கோயில் பணியாளரான கபியாரிடம் திட்டும் வாங்கினாள்.

அவராச்சன் சாருக்கு இது பிடிக்கவில்லை. கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் எதையும் சுருக்கி எழுதச் சொல்லியே முப்பத்தாறு வருஷம் சம்பளம் வாங்கியவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில், ஒரு ரப்பர். பெண்ணம்மா அச்செடுத்துக் கொடுக்கிற ஒவ்வொரு பக்கத்திலும் பெண்களின் பெயரைச் சுற்றி மெல்லிய கோட்டில் வட்டம் போட்டு, ஓரத்தில் 'தேவையா?' என்று எழுதித் திருப்பி அனுப்புவார்.

செவ்வாய்க்கிழமை சாயா ஆறுவதற்குள் அவர் போன் வந்தது. சாக்கோச்சன்தான் விஷயத்தை உளறியிருக்க வேண்டும்.

"மறுபடியும் படுத்துக்கிச்சாமே?"

"ஆமா சேட்டா."

"நானூறு பொம்பளைங்களைத் தூக்கி அது தலையில ஏத்துனா அது என்ன பண்ணும்? பாவம், வயசான மெஷின்." அவரே சிரித்துக்கொண்டார். பிறகு குரல் மாறியது. "இத பாரு பெண்ணம்மா. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அச்சகத்துல மொத்தப் பக்கமும் இருக்கணும். இல்லேன்னா பழைய புத்தகத்தை அப்படியே படம் புடிச்சு, புதுசாப் பொறந்த பசங்க பேரைப் பின்னால ஒட்டி அடிச்சிடச் சொல்லிட்டேன். எனக்கு வேற வழி இல்ல."

அவருக்கு வேறு வழி இல்லை என்பதில் ஒரு நிம்மதி தெரிந்தது. பெண்ணம்மாவுக்கு எரிச்சலாக வந்தது. போனை வைத்துவிட்டு மிச்சமிருந்த சாயாவை வாழை மரத்தடியில் கொட்டினாள்.

வேறு கம்ப்யூட்டரில் அடித்தால் என்ன என்று கேட்காத ஆள் இல்லை. அந்தப் பழைய மலையாள எழுத்து இந்தப் பெட்டியில் மட்டும்தான் ஏறும். டவுனில் கடை வைத்திருக்கிற மெக்கானிக் சிபி தன் புதுக் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்து காட்டினான். ஏலியும் மறியமும் கேள்விக்குறிகளாகவும் டாலர் குறிகளாகவும் வரிசையில் நின்றார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தை முதலிலிருந்து அடிக்க எந்த மாதா வந்தாலும் முடியாது.

சிபி வைத்தியமும் பார்த்தாயிற்று. மின்சாரம் கொடுக்கிற டப்பாவை மாற்றினான், பெரிய விசிறி போட்டான். கடைக்கே தூக்கிக்கொண்டு போய் ஐந்து நாள் ஓட்டினான். ஐந்து நாளும் சொன்ன பேச்சைக் கேட்டது. வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் நீலம்.

"என் கடையில நல்லாத்தான் ஓடுச்சு அம்மச்சி. உங்க வீட்டுக் கரண்டுதான் சரியில்ல."

ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தார்கள். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி செத்தது. வீடு ஆசீர்வதிக்க வந்த பங்குத் தந்தையிடம் சாக்கோச்சன், "ஃபாதர், இதுக்கும் ரெண்டு சொட்டு" என்று சொல்லிவிட, அவர் தீர்த்தச் செம்பைத் தூக்குவதற்குள் பெண்ணம்மா ஓடிப்போய் அதன்மேல் துண்டைப் போட்டு மூடினாள். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் அது ஒருநாளும் செத்ததில்லை என்பதால், விசுவாசமுள்ள கம்ப்யூட்டர் என்று சாக்கோச்சன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

வியாழக்கிழமையும் செத்தது. அன்றைக்குப் பெண்ணம்மா சாயா போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சமையலறையில் கப்பைக் கிழங்கை வெட்டிக்கொண்டே எதிரே தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். அந்தக் காலண்டர் அவர்கள் இருவருக்கும் பொது. ரப்பர் மரத்தில் பால் வெட்டினால் மறுநாள்தான் உறைந்த கட்டியை ரோலரில் விட்டு ஷீட் ஆக்க முடியும்; அடித்து முடித்ததும் சாக்கோச்சன் அந்தத் தேதிக் கட்டத்தில் எண்ணிக்கையை எழுதிவிடுவார். இருபத்தாறு, இருபத்தெட்டு என்று. பெண்ணம்மா தன் பங்குக்குக் கம்ப்யூட்டர் செத்த நாளில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி போட்டு வந்தாள். சிபியிடம் காட்டுவதற்காக ஆரம்பித்தது, பிறகு ஆத்திரத்தில் தொடர்ந்தது.

கத்தி நின்றது. பெருக்கல் குறி இருந்த கட்டத்தில் எல்லாம் அவர் எழுதிய எண்ணும் இருந்தது. செவ்வாய், வியாழன், சனி. துலாமழை கொட்டி வெட்டு நின்றுபோன வாரத்தில் எண்ணும் இல்லை, குறியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எண் கிடையாது. விசுவாசமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

"அச்சாயா!" என்று அவள் போட்ட கூச்சலில் வெட்டு முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த சாக்கோச்சன் பால் வாளியோடு ஓடி வந்தார்.

"என்னடி, பாம்பா?"

"ரோலரைச் சுத்துங்க."

"இன்னிக்கு வெட்டுதானே? சுத்துறதுக்கு ஷீட் எங்க?"

"சாக்கை மடிச்சு விடுங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

அவள் போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு ரோலர் கரகரவென்று சுற்றத் தொடங்கியது. அந்த ரோலரின் காலைச் சுவரோடு சேர்த்து சிமென்ட் போட்டுக் கட்டியிருந்தது. இந்தப் பக்கம் அதே சுவரில் மேஜை ஒட்டிக் கிடந்தது. மேஜை மேல் வைத்திருந்த கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மெல்ல நடுங்குவதை அவள் இப்போதுதான் பார்த்தாள். நாலாக மடித்த சாக்கு ரோலருக்குள் புகுந்து இறுகிய நேரத்தில் திரை நீலமானது.

பெண்ணம்மா கை தட்டிச் சிரித்தாள். கம்ப்யூட்டர் செத்ததற்கு அந்த வீட்டில் யாரும் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

சாக்கோச்சன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "அப்ப கொலைகாரன் நானா?"

"நீங்கதான்."

"சரி, நாளைக்கு ஷீட் அடிக்கல. முடிஞ்சது விஷயம்."

அவள் திரும்ப ஓடவிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் விரல் முட்டியால் கதவு தட்டுவதுபோல இரண்டு தட்டுத் தட்டினாள். நீலம்.

"பாத்தீங்களா? சுவர் சும்மா ஒரு காரணம்தான். உள்ள எதுவோ ஆடுது. நாளைக்கு அறுநூறு பக்கம் அச்செடுக்கணும். அந்தப் பிரின்டர் இதே மேஜைமேலதான் உக்காந்து ஆடப் போகுது. உங்க ரோலர் தேவலைங்கிற மாதிரி ஆடும் அது."

சிபியைக் கூப்பிட்டாள். தங்கையின் மனசம்மதம் என்கிற நிச்சயதார்த்தத்துக்காகக் கட்டப்பனை போயிருக்கிறானாம், ஞாயிறுதான் வருவானாம். பெண்ணம்மா போனை வைத்தாள். அவன் அந்தப் பெட்டியைத் திறந்ததை ஆறு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். பன்னிரண்டு வருஷம் அதன் முன்னால் உட்கார்ந்தவள், அதன் வயிற்றைப் பார்க்க ஒருத்தனைக் கெஞ்சிக்கொண்டிருப்பதா?

வயரை எல்லாம் பிடுங்கினாள். திருப்புளியால் நாலு திருகாணியைக் கழற்றினாள். சிபி செய்வதுபோலவே முதலில் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு உள்ளே கை விட்டாள். மூடியைத் திறந்ததுமே மூக்கில் ஏறியது புளித்த நெடி. அவளுக்கு நன்றாகத் தெரிந்த நெடி. ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஊற்றுகிற ஆசிட்.

மெல்லக் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். விலை ஏறட்டும் என்று சாக்கோச்சன் விற்காமல் அந்த அறையில் கூரை முட்ட அடுக்கி வைத்திருந்த ஷீட்டுகளுக்கும் கம்ப்யூட்டர் பெட்டி நின்ற பலகைக்கும் நடுவே, விரிசல் விட்ட மூடியோடு ஆசிட் கேன் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

"இதை யாரு இங்க வெச்சது?"

"நான்தான். ரெண்டு மூணு மாசம் முன்னால, சிங்ங மாசத்துல. வெளிய வெச்சா மழைத்தண்ணி இறங்கிக் கெட்டுப்போகும்ல?"

"ஆசிட்டுக்கு மழை ஆகாது. கம்ப்யூட்டருக்கு ஆசிட் மட்டும் ஆகுமோ?"

சாக்கோச்சன் கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். போகும்போது அதை அவர் ஒரு மாதிரி மரியாதையோடு உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்திருந்தார்.

உள்ளே பச்சைப் பலகையில் செருகி நின்ற இரண்டு ரேம் பட்டைகளைப் பெண்ணம்மா கிளிப்பை விலக்கி வெளியே எடுத்தாள். சிபி அவற்றை வாயால் ஊதிவிட்டுத் திரும்பச் செருகுவதோடு சரி. பட்டையின் ஓரத்தில் பளபளவென்று இருக்க வேண்டிய பற்கள் கறுத்து, சில இடத்தில் பச்சை பூத்துக் கிடந்தன. பக்கத்து ஜன்னலின் பித்தளைக் கொண்டியிலும் அதே பச்சை. ஆவி பட்டுப் பட்டுப் பல்லெல்லாம் சொத்தை. தொட்டும் தொடாமலும் நிற்கிறது, சுவர் அதிர்ந்தால் பிடி விடுகிறது, உடனே நீலம். எல்லாம் ஒரு வரியில் நின்றன.

இதற்கு என்ன மருந்து என்பதும் தெரியும். சிபி கடையில் வேறு யாருடைய பட்டையையோ பென்சில் ரப்பரால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

"அச்சாயா, ஒரு ரப்பர் வேணும்!"

வெளியிலிருந்து பதில் வந்தது: "எத்தனை குவிண்டால்?"

"விளையாடாதீங்க. பென்சில் ரப்பர்!"

தேடினார்கள். மேஜை இழுப்பறை, தையல் பெட்டி, மகள்களின் பழைய பள்ளிக்கூடப் பெட்டி. முற்றம் முழுக்க ரப்பர் மரம், அறை முழுக்க ரப்பர் ஷீட், அந்த வீட்டில் ஒரு எழுத்தை அழிக்க ஒரு துண்டு ரப்பர் இல்லை. சாக்கோச்சன் வண்டியைக் கிளப்பக் கிளம்பியபோது வாசலில் கார் ஹார்ன் கேட்டது.

அவராச்சன் சார் இறங்கினார். கக்கத்தில் பத்திரிகைத் தாளில் சுற்றிய பழைய பதிப்பு. அச்சகத்துக்குக் கொடுக்கத் தயாராக எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். அறை வாசலில் நின்று, குடல் வெளியே கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"முடிஞ்சு போச்சா? போஸ்ட்மார்ட்டமா?"

பெண்ணம்மாவின் கண் அவர் முகத்துக்குப் போகவில்லை. சட்டைப் பையில் பென்சிலுக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்த வெள்ளைத் துண்டில் நின்றது.

"சேட்டா, உங்க ரப்பரைக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு? அழிக்கணுமா?"

"ஆமா. கொஞ்சம் அழிக்கணும்."

அவராச்சன் சாரின் முகம் மலர்ந்தது. ரப்பரை எடுத்துத் தன் விரலால் துடைத்து நீட்டினார். "கடைசியில உனக்கே புரிஞ்சிடுச்சு பாரு. நான் அப்பவே சொன்னேன். நல்லா அழுத்தி அழி, தடம் தெரியக்கூடாது."

"தடமே தெரியாம அழிச்சுடறேன் சேட்டா," என்றாள் பெண்ணம்மா. பின்னால் நின்ற சாக்கோச்சனுக்கு இருமல் வந்தது.

அவள் ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பல்லாக, இரண்டு பக்கமும், அவசரப்படாமல் தேய்த்தாள். கறுப்பு உதிர்ந்து மடியில் விழுந்தது. பச்சை போயிற்று. அடியிலிருந்து மஞ்சளாக மினுக்கம் வந்தது. மெல்லிய துணியால் துடைத்தாள், பெட்டிக்குள் பள்ளத்தைச் சுத்தமான தூரிகையால் தட்டினாள், பட்டைகளை வைத்து இரண்டு ஓரமும் 'டக்' என்று சொல்லும்வரை அழுத்தினாள். அவராச்சன் சார் கையில் சாயாவோடு, எப்போது பெயர்களை அழிக்க ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தார்.

வயர்களைச் செருகினாள். கம்ப்யூட்டர் விழித்தது.

"அச்சாயா, சுத்துங்க. சாக்கை எட்டா மடிச்சு விடுங்க."

ரோலர் உறுமியது. டம்ளர் தண்ணீர் நடுங்கியது. பெண்ணம்மா எழுபது பக்கம் தள்ளிப் போய், கடைசியாக அடிக்கலாம் என்று இத்தனை நாளாக விட்டு வைத்திருந்த இடத்தைத் திறந்து அடிக்கத் தொடங்கினாள். "சாக்கோ. மனைவி பெண்ணம்மா. மக்கள்: ரின்சி, ரின்டு." சுவர் அதிர்ந்துகொண்டே இருந்தது. எழுத்துகள் அசையாமல் நின்றன. இன்னும் என்ன வேண்டும் என்று, எழுந்து பெட்டியின் பக்கத்தில் முஷ்டியால் ஒரு குத்து விட்டாள். ரின்சி, ரின்டு. இன்னொரு குத்து. ரின்சி, ரின்டு. அவள் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

"என்னத்த அழிச்ச நீ?" என்றார் அவராச்சன் சார்.

"இத்தனை நாளா பேரையெல்லாம் தின்னுக்கிட்டிருந்த அழுக்கை." கரியாகிப் போன ரப்பரைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். "இதை வெச்சு இனிமே எதை அழிக்கிறது? தேய்ச்சா தாளே கறுப்பாயிடுமே."

"அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல சேட்டா."

அவர் திரையைப் பார்த்தார். சாயா முடிந்தும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. பிறகு தொண்டையைச் செருமி, "என் மூத்தவ பேரு எந்தப் பக்கத்துல வருது?" என்று கேட்டார். அவள் பக்கத்தைத் திறந்து காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

"மெர்லின்ல 'ர்' விட்டுப் போச்சு," என்றார். "திருத்து."

குரியன் கிளை அன்று மாலைக்குள் முடிந்தது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பிரின்டர் ஆடத் தொடங்கியது. சாக்கோச்சன் பிடிவாதமாக ஷீட் அடித்தார். இருபத்தேழு. மூன்றே முக்காலுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டாவது பக்கம் வந்து விழுந்தது. காலண்டரில் அன்றைய கட்டத்தில் எண் மட்டும் தனியாக இருந்தது. தாள்கட்டை மடியில் வைத்துக்கொண்டு பெண்ணம்மா முன்சீட்டில் உட்கார, அவராச்சன் சாரே காரை ஓட்டினார். ஐந்துக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

டிசம்பரில் பங்கு மண்டபம் நிறைந்து வழிந்தது. ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம், பின்னால் கப்பை பிரியாணி வெந்துகொண்டிருந்தது. அவரவர் கையில் புதுப் புத்தகம். பெண்கள் பக்கத்தில் ஒருவரும் மேடையைப் பார்க்கவில்லை. விரல் வைத்து வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். "ஏடீ, இது நான்!" என்று எண்பது வயதுக் கன்னியாஸ்திரி ஒருத்தி, மடத்துக்குப் போகும்முன் தனக்கிருந்த பெயரைப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி கத்தினாள்.

அவராச்சன் சார் நன்றி சொல்ல எழுந்தார். பாதிரியார்களுக்கு, வக்கீல்களுக்கு, அச்சகத்துக்கு. "கடைசியாக, கம்ப்யூட்டர் வேலை செய்து உதவிய நம்ம சாக்கோச்சனோட மனைவிக்கும்..."

"பேரைச் சொல்லுங்க சார்!" என்று இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல். உடனே பத்துக் குரல். "பேரு! பேரு!" கன்னியாஸ்திரியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

சார் நின்றார். கை வழக்கம்போலச் சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கே பென்சில் மட்டும்தான் இருந்தது. மைக்கைக் கிட்ட இழுத்து, வகுப்பில் ஆஜர் கூப்பிடுகிற குரலில் உரக்கச் சொன்னார்:

"பெண்ணம்மா. பக்கம் முன்னூத்தி எழுபத்திரெண்டு."

மண்டபம் முழுக்கத் தாள் புரளும் சத்தம் எழுந்தது. பெண்ணம்மா மட்டும் புத்தகத்தைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் அவளுக்கு மனப்பாடம்.